உணரியின்றி வேகம் அறிந்த வரலாறு



ஓட்டப்பிடாரத்தார் வடக்கே செல்ல இரயில் ஏறவேண்டுமாயின் பெரும்பாலும் மணியாச்சிக்குத்தான் செல்வர். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபொழுது வ. உ. சிதம்பரனார் எங்கள் ஊரில் நான்கு வயதும் நிரம்பாத குழந்தை. மணியாச்சி நிலையத்தில் 1911 ஜூன் 17-ஆம் நாள் நிகழ்ந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை இன்று தொடப்போவதில்லை. நான் சொல்ல எடுத்துக்கொண்டது அவ்வழியே ஓடும் வண்டியைப் பற்றிய ஒரு சிறிய கேள்வி. 2023 செப்டம்பர் 24-ஆம் நாள் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வந்தே பாரத் வண்டி தொடங்கிற்று. மறுவருடம் ஆகஸ்ட் 31-இல் நாகர்கோவிலுக்கும் ஒன்று வந்தது. இவ்வண்டிகளை இழுக்கும் மோட்டார், கோவில்பட்டிக் கரிசலில் கிணற்று நீர் இறைக்கும் மோட்டாரின் இனத்தைச் சேர்ந்தது. பம்புசெட்டில் நூறாண்டாக அமைதியாக உழைத்த அந்த எளிய பொறி, இரயிலில் முழு உரிமையோடு ஏறுவதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று? ஏறிய பின்னும், தான் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறோம் என்பதை அது எவ்வாறு பிறர்க்கு அறிவிக்கிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிப் புறப்படுவோம்.

முதலில் கிணற்றங்கரைக்கு வாருங்கள். மோட்டாரின் மேல் ஒரு தகடு பதித்திருக்கும். அதில் 415 வோல்ட், 50 சைக்கிள், நிமிடத்திற்கு 1440 சுற்று என்றோ அதை ஒட்டியோ எழுதியிருப்பதைக் காணலாம். ஏன் 1440? 1500 என்று முழு எண்ணாக இருக்கலாகாதா? இக்கேள்வியில் தான் இன்றைய பேச்சின் கருவே அடங்கியிருக்கிறது. மும்முனை மின்சாரம் மோட்டாரின் வெளிக்கூட்டிலுள்ள சுருள்களில் பாயும்போது, கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் ஒன்று உள்ளே சுழல்கிறது. நான்கு துருவ மோட்டாரில் அது நிமிடத்திற்கு 1500 முறை சுற்றும். உள்ளே இருக்கும் சுழலிக்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. சுழலும் காந்தம் தன்னைக் கடந்து செல்வதனாலேயே சுழலியின் கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அம்மின்னோட்டமே அதைக் காந்தத்தின் பின்னே இழுத்துச் செல்கிறது. சுழலி காந்தத்தை எட்டிப் பிடித்துவிட்டால் கடந்து செல்லுதல் நின்றுவிடும், மின்னோட்டமும் நின்றுவிடும், விசையும் மறையும். ஆகவே அது எப்போதும் சற்றே பின்தங்கித்தான் ஓடியாகவேண்டும். 1500-க்கும் 1440-க்கும் உள்ள அந்த 60 சுற்று வேறுபாட்டை 'நழுவல்' என்பர். பாரம் கூடினால் நழுவல் கூடும். பாரம் குறைந்தால் குறையும்.

சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியைத் தன்னோடு இழுத்துச் செல்வதைப் பிரெஞ்சு அறிஞர் அராகோ 1824-இலேயே கண்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியர் கலிலியோ பெர்ராரிஸ் 1885-இல் மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டே காந்தப்புலத்தைச் சுழலச் செய்தார். 1888-இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டு மே மாதம் நிக்கோலா டெஸ்லா அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இருவருள் முந்தியவர் யார் என்ற வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், நம் கிணற்று மோட்டாரின் உருவத்தை அதற்கு அளித்தவர் ஜெர்மனியில் பணிபுரிந்த டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அணிற்கூண்டு போன்ற எளிய சுழலியை 1889-இல் செய்து காட்டியவர் அவரே. 1891-இல் லாஃபன் என்னும் ஊரிலிருந்து பிராங்க்பர்ட் வரை ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மும்முனை மின்சாரம் கொண்டு செல்லப்பட்டதில் அவருக்கும் சார்லஸ் பிரவுனுக்கும் பங்குண்டு.

இத்தகைய மோட்டார் இருக்கும்போது, சென்னை மாநகரின் மின்வண்டிகளில் அது ஏன் இடம்பெறவில்லை? சென்னையில் டிராம் 1895 மே 7-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925 பிப்ரவரி 3-இல் முதல் மின்சார இரயில் ஓடிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் தென்னிந்திய இரயில்வே அமைத்த மீட்டர் கேஜ் மின்பாதையை ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் திறந்துவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் சென்றுவரலாயினர். அம்மூன்றிலும் ஓடியது நேர்மின்னோட்டமே. தாம்பரம் பாதையில் 1500 வோல்ட்.

காரணம் எளிது. வண்டி இழுப்பவனுக்கு வேண்டுவது என்ன? நிற்கும் வண்டியை அசைக்கப் பெருவிசை; வேகம் ஏறிய பின் சிறுவிசை. கட்டை வண்டியில் பூட்டிய மாடுகளைப் பாருங்கள்: சேற்றிலிருந்து சக்கரத்தைப் பெயர்க்கும்போது தான் அவை கழுத்தைத் தாழ்த்தி முழு வலுவையும் கொடுக்கின்றன, மேட்டு வெளிக்கு வந்தபின் தாமாக நடக்கின்றன. நேர்மின்னோட்டத் 'தொடர்ச்சுற்று' மோட்டாரின் இயல்பு இதுவே. இடையில் சில தடைச்சுருள்களைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டுநர் வேகத்தை ஆளலாம். தூண்டல் மோட்டாரோ மின்சாரத்தின் சைக்கிளுக்கு அடிமை. 50 சைக்கிள் தந்தால் 1500-ஐ ஒட்டியே ஓடும். நடுவில் நிற்கச் சொன்னால் முரண்டுபிடிக்கும். நீரிறைக்கும் வேலைக்கு அதுவே நல்ல குணம். நிலையத்துக்கு நிலையம் நின்று புறப்படும் வண்டிக்கு அது பெருங்குறை.

எனினும், நேர்மின்னோட்ட மோட்டாருக்கு ஒரு நோய் உண்டு. அதன் சுழலிக்கு மின்சாரத்தை ஏற்றி இறக்கக் கம்யூட்டேட்டர் என்னும் செப்புப் பட்டைச் சக்கரமும், அதன்மேல் உராயும் கரித்துண்டுகளும் வேண்டும். உராய்வில் கரி தேயும், பொறி பறக்கும், கரித்தூள் உள்ளே படியும். வெயிலும் புழுதியும் மிகுந்த நாட்டில் இது எத்தகைய தொல்லை என்பதைக் கரிசல் காட்டார்க்கு விளக்கவேண்டியதில்லை. சித்திரை மாதக் காற்றில் எங்கள் தெருவே கருநிறப் புழுதியில் மறைந்துவிடும்.

தூண்டல் மோட்டாரை இரயிலில் ஏற்றியே தீருவது என்று உறுதிபூண்டவர் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் கால்மான் காண்டோ. பூதபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த அவர், வட இத்தாலியின் வால்டெல்லினா பாதையில் 1902-இல் 3000 வோல்ட் மும்முனை மின்சாரத்தைச் செலுத்தினார். மூன்று முனைகளில் ஒன்றைத் தண்டவாளத்துக்குக் கொடுத்தாலும், மேலே இரண்டு கம்பிகள் தேவைப்பட்டன. பாதை பிரியும் இடங்களில் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கிடச் செய்வது எத்தகைய சிக்கல் என்பதை எண்ணிப்பாருங்கள்! வண்டிக்கு நிலையான வேகப் படிகள் சிலவே கிடைத்தன. ஆயினும் மலைப்பாதையில் சரிந்து இறங்கும் வண்டி தன் நழுவலை எதிர்மறையாக்கிக்கொண்டு, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தந்தது. இத்தாலியில் இம்முறை 1976 வரை நீடித்தது. காண்டோ 1931 ஜனவரியில் காலமானார். தாம்பரம் வண்டி ஓடத் தொடங்கியதற்கு மூன்று மாதம் முன்பு. அவரைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

இன்னொரு வழியும் அக்காலத்திலேயே தென்பட்டது. மோட்டாரின் வேகம் சைக்கிளைப் பொறுத்ததாயின், சைக்கிளையே மாற்றினால் என்ன? பெர்லின் நகருக்கு அருகில் மரியன்பெல்டு-த்சோசன் பாதையில் 1903-இல் நடந்த சோதனையில் அவ்வாறே செய்தார்கள். மின்நிலையத்து ஜெனரேட்டரின் சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும் வண்டியின் வேகத்தை ஆண்டனர். மும்முனை மோட்டார் பூட்டிய அவ்வண்டி மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு மின்நிலையம் என்றால் எந்த நாடு தாங்கும்? அந்த மின்நிலையத்தையே வண்டிக்குள் அடக்கிவிடும் கருவி வரும்வரை தூண்டல் மோட்டார் காத்திருக்க நேர்ந்தது.

அக்கருவி சிலிக்கான் துண்டாக வந்தது. 1957-இல் அமெரிக்காவில் தைரிஸ்டர் என்னும் பெருமின் வால்வு உருவாயிற்று. நேர்மின்னோட்டத்தை நொடிக்குப் பல நூறு முறை வெட்டி ஒட்டி, வேண்டிய சைக்கிளில் மும்முனை மின்சாரத்தை உண்டாக்கும் 'இன்வெர்ட்டர்' இதனால் இயன்றது. 1971-இல் ஜெர்மனியில் ஹென்ஷல் நிறுவனமும் பிரவுன் பொவேரி நிறுவனமும் சேர்ந்து இம்முறையில் ஒரு டீசல்-மின் இஞ்சினைச் செய்தன. 1979-இல் அந்நாட்டு இரயில்வேக்கு 120 வகை மின்சார இஞ்சின் வந்தது. நம் நாட்டிலோ, தாம்பரம் பாதை 1967-இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறிய போதும், வண்டிக்குள் அதை நேராக்கி ஓட்டியது பழைய கரித்துண்டு மோட்டாரைத்தான். மேலே கம்பி மாறிற்று. கீழே மோட்டார் மாறவில்லை. 1993-இல் ஏ. பி. பி. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 1990-களின் நடுவில் மும்முனை மோட்டார் இஞ்சின்களை நாம் இறக்கினோம். பின்னர் சித்தரஞ்சனில் அவ்வகையைச் செய்யத் தொடங்கி, 1998 நவம்பரில் சரக்கு இஞ்சினை முடித்தனர். அதன் ஆறு மோட்டார்களில் ஒவ்வொன்றும் 850 கிலோவாட். பம்புசெட் மோட்டார் 5 குதிரைத்திறன் என்றால் இது 1100-க்கும் மேல்!

சைக்கிளை மாற்றத் தெரிந்ததோடு கதை முடிந்ததா? இல்லை. வண்டியின் விசையை நொடியில் பல முறை திருத்தவேண்டும். அதற்கு, சுழலியினுள் காந்தம் இந்தக் கணத்தில் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பது தெரிந்தாகவேண்டும். மோட்டாருக்குள் செல்லும் மின்னோட்டத்தை மனத்தால் இரண்டு கூறாகப் பிரிக்கலாம்: ஒன்று காந்தத்தை உண்டாக்குவது, மற்றொன்று விசையைத் தருவது. இரண்டையும் தனித்தனியே ஆள முடிந்தால் தூண்டல் மோட்டாரும் நேர்மின்னோட்ட மோட்டாரைப் போலச் சொன்னபடி கேட்கும். இவ்வழியை 1960-களின் இறுதியில் ஜெர்மனியில் ஹாஸே என்பவரும், சீமன்ஸ் நிறுவனத்தில் பிளாஷ்கே என்பவரும் வகுத்தனர். காந்தத்தின் திசையை நேராக அறிய விரும்பினார் பிளாஷ்கே. ஹாஸேயின் வழியில், சுழலி எவ்வளவு சுற்றிற்று என்பதை அளந்து, அதனோடு கணக்கிட்ட நழுவலைக் கூட்டினால் திசை கிடைக்கும். நடைமுறைக்கு எளிதாயிருந்தது பின்னதே. ஆகவே, மோட்டாரின் அச்சு முனையில் பல்வெட்டிய சக்கரம் ஒன்றும், பற்கள் கடப்பதை எண்ணும் உணரி ஒன்றும் பொருத்தலாயினர்.

இரயிலில் அவ்வுணரி இருக்கும் இடத்தை நினையுங்கள். மோட்டார் வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே தொங்குகிறது. சரளைக்கல் தெறிக்கும், எண்ணெய் கசியும், மழைநீர் அடிக்கும், தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றும் உலுக்கும். மோட்டாரின் சூட்டையோ சொல்லவேண்டாம். மோட்டார் நல்ல நிலையில் இருந்தும், கைவிரல் அளவுள்ள உணரியோ அதன் கம்பியோ பழுதானதால் அதை நிறுத்திவைக்க நேரிடுகிறது. கரித்துண்டை ஒழித்த பெருமையெல்லாம் ஒரு சிறு உணரியால் குறைந்துபோகிறது. அதனால் எழுந்த கேள்வி இது: சுழலியைப் பாராமலே அதன் வேகத்தை அறியலாகுமா?

அறியலாம் என்பதற்கு ஆதாரம் மோட்டாரிலேயே இருக்கிறது. சுழலும் காந்தம் வெளிச்சுருள்களில் எதிர்மின்னழுத்தம் ஒன்றை எழுப்புகிறது. நாம் கொடுக்கும் மின்னழுத்தம் தெரியும். செல்லும் மின்னோட்டத்தை இன்வெர்ட்டருக்குள்ளேயே, சூடும் புழுதியும் இல்லாத பெட்டியில், அளக்கலாம். கொடுத்ததிலிருந்து சுருளின் தடையில் இழந்ததைக் கழித்தால் எஞ்சுவது காந்தம் எழுப்பியதே. அதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு வந்தால் காந்தத்தின் அளவும் திசையும் கிடைக்கும். இவ்வகையில் மின்னழுத்தத்தைக் கொண்டே காந்தத்தைக் கணித்து ஆளும் முறையை, இரயில் மோட்டாரை மனத்திற்கொண்டு, 1980-களில் ஜெர்மனியின் போகும் நகரில் டெப்பன்பிராக் வகுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1986-இல், ஜப்பானில் தகாஹாஷியும் நோகுச்சியும் அதற்கு உறவான ஒரு முறையை வெளியிட்டனர்.

வேகத்தையே கண்டறியும் வழிகளுள் மிக அழகியதென நான் கருதுவது ஷாடர் என்பவர் 1992-இல் விரித்தெழுதியது. ஒரு பருத்திக் கிட்டங்கியில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியே பேரேடு எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் மின்னழுத்தத்தைக் கொண்டு சுழலியின் காந்தத்தைக் கணிக்கிறார். அவர் கணக்கில் வேகம் என்ற இனமே வராது. மற்றவர் மின்னோட்டத்தைக் கொண்டு கணிக்கிறார். அவருக்கு வேகம் இன்னதென்று சொல்லித்தான் ஆகவேண்டும். நாம் ஏதோ ஒரு வேகத்தைச் சொல்கிறோம். இருவர் பேரேடும் ஒத்துவராவிட்டால், நாம் சொன்ன வேகம் தவறு. ஒத்துவரும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டும் பொருந்திய இடத்தில் நிற்கும் எண்ணே மோட்டாரின் உண்மை வேகம்.

ஆனால், முதற் கணக்குப்பிள்ளையிடம் ஒரு பலவீனம் உண்டு. வேகம் மிகுந்திருக்கும்போது எதிர்மின்னழுத்தம் பெரிது; தடையில் இழப்பது சிறிது; கழித்தலில் பிழை நேராது. வண்டி ஊர்ந்து செல்லும்போதோ இரண்டும் ஏறக்குறைய ஓரளவாகிவிடும். பெருந்தொகையிலிருந்து அதற்கு நிகரான மற்றொரு தொகையைக் கழித்தால், சிறு பிழையும் மீதியைப் பாழாக்கிவிடும் என்பது உங்கள் கணக்கு ஆசிரியர் சொல்லியிருப்பதே. அத்தடையும் நிலையாக இருப்பதில்லை. செம்பின் தடை, சூடு ஒரு பாகை ஏறினால் நூற்றுக்கு 0.4 அளவில் கூடும். நூறு பாகை ஏறினால் பத்தில் நான்கு பங்கு கூடிவிடும்.

இது ஏட்டுச் சிக்கலன்று. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 1904-இல் திறந்த மலைப்பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம் உண்டு. 1000 டன் வண்டி ஒன்று அத்தகைய ஏற்றத்தில் நின்றால் அதைப் பின்னோக்கி இழுக்கும் பாரம் ஏறக்குறைய 27 டன். பிரேக்கைத் தளர்த்திய கணத்தில் வண்டி சற்றே பின்னோக்கி உருளத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். முன்னோக்கித் தள்ளுவதற்கு வேண்டிய நழுவல் ஒரு பக்கம். பின்னோக்கிய சுழற்சி மறுபக்கம். காந்தம் சுழலவேண்டிய வேகம் இவ்விரண்டின் கூட்டுத்தொகை. ஒன்றையொன்று ஈடுசெய்யும் ஒரு கணத்தில் அத்தொகை சுழியாகிவிடும். அப்போது காந்தம் வெளிச்சுருளைப் பொறுத்து அசையாமல் நிற்கும், எதிர்மின்னழுத்தம் இல்லை, வேகத்தைப் பற்றிய செய்தி எதுவும் கம்பியின் வழியே வெளிவராது. கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராயினும் வெறும் தாளைப் படிக்க இயலுமா? பெருவிசை தேவைப்படும் அதே கணத்தில்தான் பொறியின் கண் மூடிக்கொள்கிறது. உணரியை விட்டொழிக்கலாம் என்பாரும், அதைக் கைவிடலாகாது என்பாரும் பல்லாண்டுகளாக வாதிட்டதன் மையம் இதுவே.

இதற்கு மாற்று தேடியவர்கள் பலர். சுழியில் தங்காமல் விரைந்து கடந்துவிடுமாறு ஆணையிடுவது ஒன்று. காந்தத்தின் வலிமையைச் சற்றுக் கூட்டிக் குறைத்து, சுழி விழும் இடத்தையே நகர்த்துவது இன்னொன்று. மிக விரைந்த சிறு மின்னலையை மோட்டாருக்குள் செலுத்தி, சுழலியின் வரிப்பள்ளங்களால் அது அடையும் மாற்றத்திலிருந்து இருப்பிடத்தை உய்த்தறிவது வேறொன்று. ஜப்பானிய நகர மின்வண்டிகளில் உணரியற்ற முறை 2000-க்குப் பின் வழக்கில் வந்தது. அங்கே ஏற்றம் குறைவு, மோட்டார்கள் பல என்பதையும் நாம் கருதவேண்டும். நமது சரக்கு இஞ்சினிலோ ஒரே இன்வெர்ட்டர் மூன்று மோட்டார்களுக்கு மின்சாரம் அளிக்கிறது. மூன்று சக்கரங்களும் இம்மியும் வேறுபடாத விட்டம் உடையன அல்ல; ஈரத் தண்டவாளத்தில் ஒன்று வழுக்கினால், மொத்த மின்னோட்டத்தைக் கொண்டு கணிப்பவர்க்கு மூன்றின் சராசரியே தெரியும். ஆகையால் இத்தகைய இஞ்சினில் உணரியை வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி இன்வெர்ட்டர் உள்ள வண்டியில் உணரியின்றி ஓட்டத் தயங்கவேண்டியதில்லை.

கடைசியாக இன்னும் ஒரு செய்தி. நம் பாதைகளில் மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பி முழுதும் ஒன்றல்ல. ஒரு துணைமின்நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத சிறு துண்டு உண்டு. அதைக் கடக்கும்போது மோட்டார்களுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். வண்டி தன் வேகத்திலேயே ஓடிக் கடக்கும். மீண்டும் கம்பி கிடைத்தவுடன் உணரியற்ற கருவிக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. சுழலியில் காந்தம் அடங்கிவிட்டது. அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதென்று சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. தவறான சைக்கிளை முழு வலுவோடு கொடுத்தால் வண்டி உலுக்கும், மின்வால்வுகளுக்கும் தீங்கு நேரும். எனவே சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, சைக்கிளை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து, சுழலியின் வேகத்தோடு அது இணங்கும் இடத்தை மின்னோட்டத்தின் மாற்றத்தால் கண்டுகொள்வர். இத்தேடலுக்கு ஒரு நொடியும் ஆகாது. அடுத்தமுறை பெரம்பூரில் செய்த மின்வண்டி ஒன்றில் செல்லும்போது சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள்: அடியிலிருந்து வரும் முனகல் திடீரென நின்று, சிறிது நேரம் சக்கரத்தின் தாளம் மட்டும் கேட்டு, பின்பு முனகல் மெல்லிய குரலில் மறுபடி எழும்.